மார்ஃபின் கேட்கப் போனோம்

ஆட்டோவில் முந்தானையைக் கடித்துக்கொண்டு அலறிய அம்மா, டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் கும்பிட்டாள். புற்று முதுகெலும்புவரை வந்துவிட்டது.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேங்கய்யா."

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார் கேட்டாலும் அவளுக்கு இந்த ஒரு பதில்தான் வரும்.

"அப்ப மார்ஃபின் எதுக்கு? வலிக்கு சாதா மாத்திரையே போதும்."

"சார், அம்மா பொய் சொல்லுது."

"படிச்ச பொண்ணுதானே நீ? மார்ஃபின் பழக்கமாயிடும்மா."

பழகுவதற்கு அவளுக்கு நாள் ஏது? அம்மாவின் இடுப்புக்கு மேலே, அந்த முதுகெலும்பின்மீது கட்டைவிரலை வைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம் பாப்பா, ஐயா பாக்குறாரு."

பார்க்கட்டும் என்றுதான் அழுத்தினேன். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தாள். இன்னும் அழுத்தினேன்.