காலியான பெட்

ஒரு வாரமாக "பெட் இல்லைம்மா" என்று சொல்லிச் சொல்லியே மனநல வார்டு நர்ஸுக்கு வாய் வலித்துவிட்டது. இன்று மதியம் ஒன்று காலியானதும், காத்திருந்தவர்களில் முதல் நம்பரைப் போனில் கூப்பிட்டு, "உடனே கூட்டிட்டு வாங்க" என்றாள்.

சாயங்காலம் ஒரு அக்காவும் தம்பியும் வந்தார்கள். தம்பி படிய வாரிய தலையோடு கைகட்டி நின்றான். அக்காவோ தலைவிரி கோலம், உதட்டில் ரத்தம்.

"ஒரு வாரமா அலைய விட்டுட்டீங்களே! இன்னிக்கு பெட் குடுக்காம நகர மாட்டேன்!" என்று மேஜையைக் குத்தினாள்.

"கோவப்படாதேக்கா. அதான் குடுக்கறாங்கல்ல," என்றான் தம்பி.

நர்ஸ் கண்ணைக் காட்ட, இரண்டு ஆயாக்கள் அவளை அலாக்காகத் தூக்கிப் போனார்கள்.

"ஐயோ, எனக்கு ஒண்ணுமில்ல!"

வருகிற எல்லோரும் பாடும் பாட்டுதானே! டாக்டர் சொன்ன ஊசியை நர்ஸ் போட்டாள்.

"வீட்டுச் சாவி அக்கா இடுப்பில இருக்கு, சிஸ்டர். அம்மாவை உள்ளே வச்சுப் பூட்டிட்டு வந்துட்டா," என்றான் தம்பி.

தங்கமான பிள்ளை. நர்ஸே சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

"குடுக்காதீங்க..." என்றாள் அக்கா. ஊசியில் நாக்குக் குழறியது.

இருட்டும் நேரத்தில் போன் அடித்தது. மதியம் இவள் கூப்பிட்ட அதே நம்பர். ஒரு வயதான அம்மா கிசுகிசுத்தாள்.

"என் பையனுக்கு இன்னிக்கும் பெட் இல்லேன்னுட்டீங்களா, சிஸ்டர்? எம் பொண்ணு எங்கே? அவன் மட்டும் வந்து கதவைத் திறக்கறானே..."