பொட்டளவு காந்தம்

ரத்தப் பரிசோதனை மிஷினின் மூடி திறந்தே கிடக்கிறது. ஆனாலும் பச்சை விளக்கு எரிகிறது, உள்ளே ஊசி ஓடுகிறது. திறந்தால் தானாக நின்றுவிட வேண்டிய மிஷினை, சென்சாரில் ஒட்டிய பொட்டளவு காந்தம் ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. ஒட்டியவள், இந்த லேபில் வேலை பார்க்கும் இவள்தான். நின்றால் மறுபடி ஓட நாற்பது நிமிடமாகும் என்று போன மாதம் கண்டுபிடித்த வழி. இப்போது சிக்கிய குழாயை எடுக்க, கூட வேலை பார்க்கும் அக்கா உள்ளே கையை விட்டிருக்கிறாள். குழாயில் இருப்பது பிறந்து இரண்டே நாளான குழந்தையின் ரத்தம். வார்டிலிருந்து மூன்றாவது முறையாக ஃபோன் அடிக்கிறது. ஊசி சர்ரென்று வலப்பக்கம் போகிறது, குத்துகிறது, திரும்புகிறது. இவள் விரல் காந்தத்தின் மேல் இருக்கிறது. "நிறுத்திடட்டுமாக்கா?" "சும்மா இரு. நின்னா முப்பது பேரோடதும் முதல்லேர்ந்து போடணும்." ஊசி மறுபடி வருகிறது. குழாயோடு கை வெளியே வந்துவிடுகிறது. "பாத்தியா, ஒண்ணுமே ஆகல," அக்கா சிரிக்கிறாள். "காந்தம் இருக்கட்டும், அடுத்ததும் அங்கதான் சிக்கும்." அவள் கையுறையில், சுண்டுவிரலோரம், மயிரிழை போல ஒரு கிழிசல். அக்கா அதைப் பார்க்கவில்லை. இவள் காந்தத்தைச் சுண்டிவிடுகிறாள். பச்சை சிவப்பாகிறது, ஊசி நிற்கிறது; ஃபோன் மறுபடி அடிக்கிறது.