கூட ஒரு ஆள்

"என்ன பெரியவரே, ரேட் படியலையா?"

பின்னால் வந்து நின்ற லேடி கான்ஸ்டபிளைப் பெரியவர் கவனித்திருக்கவில்லை. திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என்ன ரேட்டும்மா?"

"ஒண்ணுமே தெரியாத மாதிரி கேக்காதீங்க. நாலஞ்சு நாளா உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அந்தப் புறநகர்ச் சாலையில் புதிதாக ஒரு லேன் ஒதுக்கியிருந்தார்கள். காலை நெரிசல் நேரத்தில் அதில் சரக்கு லாரி போகலாம்; இரண்டு பேராவது உட்கார்ந்திருக்கும் கார் போகலாம். தனி ஆளாக வருகிறவர்கள் பக்கத்து லேன்களில் ஊர்ந்துகொண்டு வரவேண்டியதுதான்.

சட்டம் வந்த சூட்டோடு அதற்கென்று ஒரு தொழிலும் வந்துவிட்டது. லேன் ஆரம்பிக்கிற இடத்திலுள்ள பஸ் ஸ்டாப்பில் சிலர் நின்றுகொண்டு, காசு வாங்கிக்கொண்டு, கார்களில் இரண்டாவது ஆளாக ஏறிப் போனார்கள். வாடகைத் தலை என்று பெயர். அந்தத் தலைகளைப் பிடிப்பதுதான் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை.

அது ஒரு வேலையா? காலையில் அவளிடம் வாய் திறக்கிறவர்கள் எல்லாரும் பொய் சொல்லத்தான் திறந்தார்கள். மற்றபடி கண்ணாடி ஏற்றிய கார்கள். ஐந்து பேர் உட்காரும் காரில் ஒரே ஒரு ஆள். அதன் பின்னால் இன்னொரு காரில் இன்னொரு ஆள். பார்த்துக்கொண்டே இருந்தால் மனசுக்கு என்னவோ போலிருக்கும்.

இந்தப் பெரியவர்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. கார் வந்து நிற்கும், "வாங்க சார்" என்று கதவைத் திறப்பார்கள். "நீங்க போங்க" என்று பக்கத்தில் நிற்பவரை ஏற்றிவிட்டு இவர் நின்றுவிடுவார். நேற்று ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்தினார். லாரிக்கு ஆள் கணக்கே கிடையாது. வயசானவர் வெயிலில் காய்கிறாரே என்ற இரக்கம்தான்.

"ஏறு பெருசு, சும்மாவே கொண்டுபோய் விடுறேன்."

அதற்கும் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். ஆள் பார்த்து, கிராக்கி பார்த்து ஏறுகிற பழம் தின்று கொட்டை போட்டவர் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

"டவுன்ல உங்களுக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு தினம் இங்க வந்து நிக்கிறீங்க?"

பெரியவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"தெரிஞ்சவர் ஒருத்தர் இந்தப் பக்கமாத்தான் ஆபீசுக்குப் போறாரு. தனியாத்தான் போவாரு. பாவம், பக்கத்து லேன் நெரிசல்ல மாட்டிக்கிட்டு முழிக்கிறாரு. கூட நான் ஏறிக்கிட்டா சீக்கிரமாப் போயிடலாமே."

"போய்?"

"போய் என்ன, நான் பஸ்ஸப் புடிச்சு வந்துடுவேன். வீட்ல எனக்காக யாரு காத்துக்கிட்டிருக்கா?"

"ஆக, ரெகுலர் கஸ்டமர்!"

"ஐயோ, காசெல்லாம் இல்லம்மா. போற வழியில நாலு வார்த்தை பேசிக்கிட்டே போகலாம் பாரு, அதுக்குத்தான்."

"எனக்குக் காது குத்தி ரொம்ப நாளாச்சு பெரியவரே. அவ்வளவு தெரிஞ்சவர்னா ஒரு போன் பண்ணி நிறுத்தச் சொல்லவேண்டியதுதானே?"

"பண்ணுவேன். எடுக்க மாட்டாரு. வேலை ஜாஸ்தி."

அவளுக்குச் சலிப்பாக வந்தது. தன் பங்குக்கு இவரும் ஒரு கதை சொல்லிவிட்டார்.

"கிளம்புங்க. நாளைக்கு இங்க உங்களைப் பாத்தேன்னா ஸ்டேஷன்லதான் கொண்டுபோய் உக்கார வைப்பேன்."

பெரியவரின் முகம் வாடிவிட்டது.

"இன்னிக்கு மட்டும் நின்னுக்கிறேம்மா."

அவள் பதில் சொல்வதற்குள் ஒரு சாம்பல் நிறக் கார் பக்கத்து லேனிலிருந்து வெடுக்கென்று ஒடித்துக்கொண்டு இதில் நுழைந்தது. உள்ளே ஒரே ஆள். விசிலை ஊதினாள். கார் பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் ஓரங்கட்டியது.

கண்ணாடி இறங்கியது. மூக்குக்கண்ணாடி போட்ட நடுவயசுக்காரர்.

"சாரி மேடம். முக்கியமான மீட்டிங், லேட்டாயிடுச்சு. அபராதத்தைப் போட்டுடுங்க, நான் கிளம்பணும்."

அவள் மெஷினை எடுப்பதற்குள் பெரியவர் இரைக்க இரைக்க ஓடி வந்து காரின் அந்தப் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அபராதம் வேண்டாம்மா. நான் ஏறிக்கிறேன். ரெண்டு பேர் ஆயிடும்ல?"

போலீஸ் கண்ணெதிரிலேயே தொழிலா என்று ஒரு அதட்டுப் போடத்தான் நிமிர்ந்தாள். ஆனால் பெரியவரின் முகம் அப்படி மலர்ந்திருந்தது. காசுக்கு நிற்கிறவன் முகம் அப்படி இருக்காது. மனுஷர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். பேச்சுத் துணைக்காகத்தான் நிற்கிறார்.

"சரி சார், இன்னிக்கு ஒரு நாள் விட்டுடறேன். இவரை ஏத்திக்கிட்டுப் போங்க."

கதவின் பூட்டு திறக்கவில்லை. கார்க்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் மேடம். அபராதமே போடுங்க."

அவள் ஜன்னலருகே குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"முன்னப்பின்ன தெரியாத ஆளாச்சேன்னு யோசிக்கிறீங்களா? நல்ல மனுஷர் சார். அதுக்கு நான் பொறுப்பு."

கார்க்காரரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தெரியாத ஆளா இருந்தா ஏத்தியிருப்பேன் மேடம். அவர் எங்கப்பா."