காலை பத்து மணி வரவேற்பு

மின்விசிறிக்கு நேர்கீழே போதகர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வலப்பக்கம் பொருளாளர், சன்னலோரம் பாடகர் குழுத் தலைவி, கதவருகே ஆடுகிற நாற்காலியில் சபைச் செயலாளரான தையல்கார அக்கா. வாலிபப் பிள்ளைகளைக் கவனிக்கப் புதிதாக வரப்போகும் இளைஞர் போதகருக்கு வரவேற்புக் கடிதம் எழுதத்தான் இந்தக் கூட்டம். அறையில் ஐம்பது வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. "சனிக்கிழமை காலை பத்து மணின்னு எழுதுங்கக்கா," என்கிறார் பொருளாளர். அக்காவின் பேனா நிற்கிறது. "அந்த நேரம் பிள்ளைங்களுக்கெல்லாம் பரீட்சை. என் பையனுக்கும்தான். சாயங்காலம் வெச்சுக்கலாமே?" "சாயங்காலமானா எனக்கு முட்டி பிடிச்சுக்கும்," என்கிறார் தலைவி. "பிள்ளைங்க வராட்டி என்ன? இளவட்டம் நாம இல்லையா!" என்று பொருளாளர் நெஞ்சைத் தட்ட, போதகரே குலுங்கிச் சிரிக்கிறார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தைய இளைஞர் போதகர் போனதிலிருந்து கோயில் வாசலை மிதிக்காத மகன், நேற்றுத்தான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "புதுசா வர்றவர ஒரு தடவ வந்து பாக்கறேம்மா," என்றான். காற்றில் தாள் படபடக்கிறது. இயந்திர ஊசிக்கடியில் துணியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் அழுத்திக்கொள்கிறாள். "எங்கள் இளைஞர்கள் உங்களை ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள்னு சேருங்க," என்கிறார் போதகர். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் எழுதுகிறாள். "நாற்காலி தூக்கிப் போட ஆள் வேணுமே. உங்க பையனை அனுப்புங்கக்கா," என்கிறார் பொருளாளர். அக்கா கடிதத்தை மடித்து உறையில் போடுகிறாள். உறையை ஒட்டி, அதன்மேல் முஷ்டியால் ஓங்கி ஒரு குத்துக் குத்தி, கதவுக்கு வெளியே நிற்கும் கோயில் காவலரிடம் நீட்டுகிறாள். அவருடைய சைக்கிள் தபால் பெட்டியை நோக்கிக் கிரீச்சிட்டுப் போகிறது.