ஐந்தாவது புள்ளி

ஒரகடம் ஆய்வகத்தில் ஆர்.என்.ஏ. துண்டுகளை இணைக்கும்போது, குழாயில் ஒவ்வொரு கரைசலையும் ஊற்றியதும் மூடியில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார்கள். ஐந்தாவது புள்ளி, துண்டுகளை ஒட்டவைக்கும் நொதிக்கு. கனிஷ்கா மட்டும் பச்சை மையில் வைப்பாள்.

போன மாதம் நொதியை ஊற்ற மறந்த இசக்கிசெல்வி, "அன்னைக்கு நொதி ஊத்த வேண்டியது கனிஷ்காதான், சார்" என்று சொல்லித் தப்பித்தாள். வேலை போன கனிஷ்கா, ஊருக்குப் போன பத்தாம் நாள் காய்ச்சலில் செத்துப்போனாள்.

இன்று செல்வி மறுபடி மறந்தாள். இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சூப்பர்வைசர் நாகப்பனிடம் போனாள்.

"இன்னா செல்வி, துண்டெல்லாம் ஜோரா ஒட்டிக்கீது" என்று அவள் குழாயை நீட்டினார் அவர்.

சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு குழாயை வாங்கிப் பார்த்தாள். மூடியில் அவள் வைத்த நான்கு நீலப் புள்ளிகள். பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

விரல் வைத்தாள். பச்சை ஒட்டிக்கொண்டது.