ஆயிரமாவது மூட்டு

அளவு நாடாவை நர்ஸ் மறுபடியும் சுற்றினாள்.

வலது கெண்டைக்கால் முப்பத்து மூன்று சென்டிமீட்டர். இடது முப்பத்தெட்டு.

காலையில் முப்பத்தாறுதான்.

தொட்டால் சுட்டது. லேசாக அமுக்கியதற்கே மாசிலாமணி பல்லைக் கடித்தார். இடது முழங்கால் மூட்டு மாற்றி இன்று ஒன்பதாம் நாள். உள்ளே ரத்தம் கட்டியிருந்தால், உடனே ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஒரு துணுக்கு பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் போதும்.

ஆனால் அவரை வார்டில் வைத்திருக்கவில்லை. பாராட்டு விழா மேடையோரம், சக்கர நாற்காலியில், ஜரிகை வேட்டி கட்டி உட்கார்த்தியிருந்தார்கள்.

மருத்துவமனையின் ஆயிரமாவது மூட்டு அவருடையது. அரைமணி நேரம் முந்திக்கொண்ட தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாவது ஆளுக்கு ஒரு சாத்துக்குடிகூடக் கிடைக்கவில்லை.

பெரிய டாக்டரிடம் அவள் சொல்லிவிட்டாள். தோளில் மூன்று பொன்னாடைகளோடு அவர் சிரித்தார்.

"ஆபரேஷன் பண்ணின கால் வீங்காம, பண்ணாத காலா சிஸ்டர் வீங்கும்?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அங்கே சம்பளம் வாங்குகிறவர்கள் சற்று அதிகமாக.

இப்போது மைக்கில் அவர் குரல்.

"சிக்கல் என்ற சொல்லுக்கே நம் மருத்துவமனையில் இடம் கிடையாது!"

உண்மைதான். கேஸ் ஷீட்டில் 'சிக்கல்' என்ற கட்டத்தை அவள் எத்தனையோ முறை நிரப்பியிருக்கிறாள். மறுநாள் பார்த்தால் அதன்மேல் வெள்ளை மை காய்ந்திருக்கும்.

மாசிலாமணியின் பெயரை அழைத்தார்கள்.

அவள் குனிந்தாள். "எந்திரிக்காதீங்கய்யா. நான் சொல்லிக்கிறேன்."

"நாலு எட்டுதானம்மா." அவர் அவள் கையை மெல்ல விலக்கினார். "இத்தனை பேர் முன்னாடி நடக்கலேன்னா, டாக்டருக்கு அசிங்கம்ல?"

எழுந்தார்.

ஓர் எட்டு. கைதட்டல்.

இரண்டு.

மூன்றாவதில் நின்றார். இருமினார்.

சின்ன இருமல்தான். ஒரு கை நெஞ்சுக்குப் போயிற்று.

நன்றிப் பெருக்கு என்று நினைத்த கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. போட்டோக்காரர் முன்வரிசைக்கு ஓடினார். பெரிய டாக்டர் நான்காவது பொன்னாடையை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அவள் கைதட்டவில்லை.

மேடைப் படியோரம் வரிசையாகப் பூந்தொட்டிகள். அவற்றின் பின்னால் காலையிலேயே ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிவந்து, மேலே பச்சைத் துணி போர்த்தி வைத்திருந்தாள்.

துணியை இழுத்தாள். திருகில் கை வைத்தாள்.

கைதட்டல் இன்னும் ஓயவில்லை.