சொந்த ஊர்த் தண்ணீர்

கோயில் குளத்தில் பிறந்து, வால் உதிர்ந்த கையோடு வெளியூர்க் கிணற்றுக்குப் பிழைக்கப் போன தவளை சிங்காரம், இனி சாகும்வரை சொந்த ஊர்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

படியோரம் மேய்ந்துகொண்டிருந்த ஜிலேபி மீன் மரகதத்துக்கு அதை அடையாளமே தெரியவில்லை.

"நான்தான் அக்கா, சிங்காரம்! கறுப்பா, பொடிசா, வாலை ஆட்டிக்கிட்டு உங்க பின்னாலயே சுத்துவேனே!"

"அட, நீயா? காலெல்லாம் முளைச்சு ஆளே மாறிட்டியே தம்பி! எங்க தங்கப் போற?"

"வேற எங்க? தண்ணிக்கடியில, மூணாம் படி இடுக்குல, நம்ம பழைய வீட்டுலதான்."

"அங்க உனக்கு மூச்சு முட்டாதா?"

சிங்காரத்துக்குச் சுருக்கென்றது. "பிறந்த ஊர்ல எப்படி மூச்சு விடணும்னு எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, தலைகீழாகப் பாய்ந்து இடுக்கில் போய் உட்கார்ந்தது. பாசி வாசனை அப்படியே இருந்தது. சின்ன வயதில் இழுத்த மாதிரியே ஆசை தீர ஒரு மூச்சு இழுத்தது.

பாதிக் குளம் வயிற்றுக்குள் போய்விட்டது.

கண் பிதுங்கிப்போன சிங்காரத்தை மரகதம்தான் முட்டித் தள்ளிப் படியேற்றியது. பானை வயிற்றோடு மல்லாந்து கிடந்து, இருமி இருமித் தண்ணீரைக் கக்கிய சிங்காரம், பேச்சு வந்ததும் முதல் வேலையாகத் தலையில் அடித்துக்கொண்டது.

"ஊர் ரொம்பக் கெட்டுப்போச்சுக்கா. எங்க காலத்துல இந்தத் தண்ணியில எவ்வளவு காத்து இருந்துச்சு! இப்ப இதுல மனுஷன் மூச்சு விட முடியுமா?"

"முடியாதுதான் தம்பி" என்ற மரகதம், அந்தத் தண்ணீருக்குள்ளேயே ஒரு பெருமூச்சு விட்டது.